டூ லெட் பலகைக்குப் பின்னால் ஒரு கணக்கு

சென்னைப் புறநகரில் 60 லட்சம் ரூபாய் விலை சொல்லும் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை வாடகைக்குக் கேட்டால் மாதம் 15,000 ரூபாய் என்பார்கள். வாங்கலாம் என்று நினைத்து, கையிலிருந்து 12 லட்சம் போட்டு, மீதி 48 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை மட்டும் 41,600 ரூபாயைத் தாண்டும். பத்திரச் செலவு தனி. அதே சுவர், அதே சமையலறை, மோட்டார் போட்டால் வரும் அதே தண்ணீர். ஒருவர் 15,000 கொடுத்து இருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் 41,600 கட்டி இருக்கிறார்.

இதில் யார் ஏமாளி என்று கேட்பது வழக்கம். இருவரும் இல்லை. அவர்கள் வாங்குவது வெவ்வேறு பொருள். வாடகைக்காரர் வாங்குவது ஒரு மாதக் குடியிருப்பு. எதிர்வீட்டுக்காரர் அந்தக் குடியிருப்போடு, தன் பேரில் ஒரு துண்டு மண்ணையும் அந்த மண் நாளைக்கு என்ன விலை போகும் என்ற நம்பிக்கையையும் சேர்த்து வாங்குகிறார். உள்ளூர் வீட்டுச் சந்தையைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான்: வாடகை, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களின் சம்பளத்தோடு நகர்கிறது, விலை, எதிர்பார்ப்போடு நகர்கிறது. இரண்டும் ஒன்றாக ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

மேலே சொன்ன வீட்டின் ஆண்டு வாடகை 1 லட்சத்து 80 ஆயிரம். அதை 60 லட்சத்தால் வகுத்தால் 3 சதவீதம். இதை வாடகை வருவாய் விகிதம் என்கிறார்கள். இந்தியப் பெருநகரங்களில் குடியிருப்பு வீடுகளுக்கு இது பொதுவாக இரண்டிலிருந்து மூன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். வங்கி வைப்புநிதியே இதைவிடக் கூடுதலாகத் தரும். பிறகு ஏன் வாங்குகிறார்கள்? முதல் ஆண்டில் கடனுக்குப் போகும் வட்டி ஏறக்குறைய 4 லட்சம். கைப்பணம் 12 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் 84,000 ரூபாயையும் அதோடு கூட்டுங்கள். மிச்சமான வாடகை 1.8 லட்சத்தைக் கழியுங்கள். மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் நிற்கும். அதாவது வீட்டின் விலை ஆண்டுக்கு 5 சதவீதமாவது ஏறினால்தான் வாங்கியவருக்குக் கையைக் கடிக்காது. ஏறும் என்று நம்புகிறவர் வாங்குகிறார். பல இடங்களில் பல ஆண்டுகள் ஏறியும் இருக்கிறது. ஏறாமல் முடங்கிக் கிடந்த ஆண்டுகளும் உண்டு. அதைத் தரகர்கள் சொல்வதில்லை.

ஏறுவது மண்தான், கட்டடம் அல்ல. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழையதாகிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அடுக்குமாடி வீடு பார்க்கப்போனால் குளியலறை டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்கிறார்கள். மொத்த மனையில் அந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு அது. தியாகராய நகரிலோ மேற்கு மாம்பலத்திலோ 40 ஆண்டு பழைய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு கண்ணுக்கு லட்சணமாக இருக்காது. ஆனால் அதற்குரிய மண் அதிகம். இடித்துக் கட்ட பில்டர் வந்தால் மதிப்பு தெரியும். முன்பெல்லாம் ஒரே ஒரு வீட்டுக்காரர் முரண்டு பிடித்தாலும் இடித்துக் கட்டுவது நின்றுபோகும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்று வழிவிட்டிருக்கிறது.

இதன் பக்கவிளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கட்டடத்தை இடித்தால் அதிலிருந்த உரிமையாளர்களும் குடித்தனக்காரர்களும் ஒரே வாரத்தில் வீடு தேடுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, பெரியவர்களுக்குப் பழகிய டாக்டர் பக்கத்தில் இருக்கிறார். எனவே அதே நாலு தெருவுக்குள்தான் தேடுவார்கள். உரிமையாளருக்கு பில்டரே வாடகை கொடுத்துவிடுவது உண்டு என்பதால் அவர் பேரம் பேசுவதில்லை. அந்த நாலு தெருவின் வாடகை ஏறுவதற்கு வெளியூர்க்காரர் ஒருவர்கூட வரத் தேவையில்லை.

யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்

வாடகை சம்பளத்தோடு நகர்கிறது என்றால், யாருடைய சம்பளம்? இங்கேதான் மக்கள்தொகை விவரம் உள்ளே வருகிறது. புள்ளிவிவரம் என்றதும் பயப்பட வேண்டாம். வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் இது பழக்கமான விஷயம். டூ லெட் பலகையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால் வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் வாடகையைச் சொல்வதில்லை. "குடும்பமா, பேச்சிலரா? மொத்தம் எத்தனை பேர்? எங்கே வேலை? சொந்த ஊர் எது? பெரியவர்கள் கூட இருப்பார்களா?" என்று வரிசையாகக் கேட்பார். சிலர் சாப்பாடு சைவமா என்பார்கள். பெயரைச் சொன்னதும் குரல் மாறும் சிலரும் உண்டு. அவர் தம் அளவில் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே நடத்தி முடித்துவிடுகிறார்.

இந்தக் கேள்விகளுக்குப் பொருளாதார விளைவும் உண்டு. ஒரு பகுதியில் 100 வீடு காலியாக இருந்தாலும் தலித்துக்கோ, இஸ்லாமியருக்கோ, தனியாக இருக்கும் பெண்ணுக்கோ அதில் 30 வீட்டின் கதவுதான் திறக்கிறது என்றால், அவர்களுடைய சந்தை 30 வீட்டுச் சந்தை. கிடைத்ததை, கேட்ட விலைக்கு எடுக்க வேண்டியதுதான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாடகை நிலவரம் இருப்பதாகப் பேசுவதே இதனால் பாதி பொய்.

இனி எண்களுக்கு வருவோம். 2001க்கும் 2011க்கும் இடையில் அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமாகத்தான் ஆனது. பத்தாண்டுக்கு 7 சதவீதம். அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறக்குறைய 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. சென்னை பெருத்தது என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் சென்னை மாவட்டத்துக்கு வெளியே நடந்தது. 2011இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்ததும், பெருநகரத் திட்டப்பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனதும் இந்த ஓட்டத்துக்குப் பின்னால் அரசு மூச்சிரைக்க ஓடியதன் அடையாளம்.

நடுநகரில் ஆள் கூடவில்லை. அப்படியானால் அங்கே வாடகை இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? இறங்கவில்லை. காரணம், வீடு தேவைப்படுவது தலைக்கு அல்ல, அடுப்புக்கு. 1,000 பேர் வீட்டுக்கு ஐந்து பேராக இருந்தால் 200 வீடு போதும். நாலு பேராகக் குறைந்தால் 250 வீடு வேண்டும். ஒரு தலைகூடக் கூடாமல் 50 வீட்டுக்குப் புதிதாகத் தேவை வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1.8. மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011இல் பத்துக்கு ஒருவருக்குச் சற்று மேல். 2031இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்று அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு சொல்கிறது. கூட்டுக்குடும்பம் பிரிந்தது, பிள்ளை இரண்டாகவும் ஒன்றாகவும் குறைந்தது, அந்தப் பிள்ளையும் வெளிநாடு போனது எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும் இடம் வாடகைச் சந்தை.

மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் ஒரு தெருவைக் கூர்ந்து பார்த்தால் இது கண்ணில் படும். கீழே கார் நிறுத்துமிடம். முதல் மாடியில் வீட்டுக்காரத் தம்பதி, இருவருமே எழுபதைக் கடந்தவர்கள். மகன் வெளிநாட்டில். இரண்டாம் மாடியில் குடித்தனம். அந்த வாடகைதான் அவர்களுடைய மருந்துச் செலவு. இப்படிப்பட்ட வீட்டுக்காரர் ஆண்டுக்கு 2,000 ரூபாய் கூடுதலாகத் தருகிற புது ஆளைவிட, சத்தம் போடாத, இரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக்கூடிய பழைய குடித்தனக்காரரை வைத்துக்கொள்ளவே விரும்புவார். சந்தை நிலவரத்துக்குக் கீழே வாடகை நிற்கும் வீடுகள் பல இந்த வகை. அவை எந்த இணையதளத்திலும் வருவதில்லை.

பழைய மகாபலிபுரம் சாலை வேறு உலகம். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது அதற்குத் தெற்கே வயலும் உப்பளமும் சவுக்குத் தோப்புமாக இருந்த இடங்களில் இன்று வாடகையைத் தீர்மானிப்பது மென்பொருள் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு. வேலைக்கு ஆள் எடுக்கும் ஆண்டில் துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் வாடகை துள்ளும். 2020இல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றதும் கூட்டம் கூட்டமாகக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார்கள். பல இடங்களில் வாடகை இறங்கியது. அலுவலகங்கள் திரும்பக் கூப்பிட்டதும் விட்டதைச் சேர்த்துப் பிடித்தது. இங்கே குடித்தனக்காரருக்கு வயது முப்பதுக்குள். மூன்று பேர் சேர்ந்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மூன்று சம்பளம் சேர்ந்து கேட்கும் வீட்டை, ஒற்றைச் சம்பளக் குடும்பம் எடுக்க முடியாது.

திருப்பெரும்புதூர் பக்கம் போனால் வாடகையின் அலகே மாறிவிடுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்பது போய், தலைக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று பேச்சு. தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் வெளிமாவட்ட, வெளிமாநில இளைஞர்களுக்கு அறை விடுவது அங்கே பெரிய தொழில். வல்லம் வடகாலில், மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. கூடுவாஞ்சேரி உட்படப் பல ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளும் இதே தேவைக்குப் பிறந்தவை.

கட்டுப்படியாகிறதா

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருக்க வேண்டும் என்ற கணக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுவது. தொடக்கத்துக்குச் சரி, அதற்கு மேல் அதை நம்பக்கூடாது என்பேன். மாதம் 2 லட்சம் சம்பாதிப்பவர் 60,000 வாடகை கொடுத்த பிறகு 1 லட்சத்து 40 ஆயிரத்தில் குடும்பம் நடத்துகிறார். 30,000 சம்பாதிப்பவர் 9,000 கொடுத்த பிறகு 21,000 ரூபாயில் அரிசி, பள்ளிக் கட்டணம், பஸ், மருந்து, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். விகிதம் ஒன்று; வாழ்க்கை ஒன்றல்ல. அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுவது நல்லது. முதலில் தவிர்க்க முடியாத செலவுகளைக் கழித்துவிட்டு, மிச்சம் எவ்வளவோ அதுதான் வாடகைக்கான அளவு. பலருக்கு இந்தக் கணக்கில் 30 சதவீதம்கூட வராது.

அப்புறம், பலகையில் எழுதிய வாடகை முழு வாடகை அல்ல. அடுக்குமாடியில் மெயின்டனன்ஸ் தனி. தனி வீட்டில் மின்சாரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து மாடிக்கு விடுகிற வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலையாக வாங்கிவிடுவார். அரசு கொடுத்த சலுகை மாடிப்படி ஏறாது. தனி ஈ.பி. இணைப்பா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது அதனால்தான் தவறு.

தண்ணீரும் அப்படியே. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போனபோது, லாரித் தண்ணீருக்குக் குடித்தனக்காரர்கள் கொடுத்த பணம் இரண்டாவது வாடகை. எதிர்ப்பக்கம் வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூரும், 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியும் மூழ்கிய பிறகு, அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் எந்த மாடி என்பதை முதலில் கேட்கிறார்கள். தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டும். அந்தப் பக்கத்து மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிய கதையும் வாடகைக் கணக்கில் இப்படித்தான் வந்து சேர்கிறது.

தூரம் இன்னொரு செலவு. கூடுவாஞ்சேரியில் வாடகை 5,000 குறைவு என்று போகிறவர், கிண்டி வரை தினமும் போய்வர ஆகும் பணத்தையும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் மின்சார ரயில் நிலையம் இருந்தால் சீசன் டிக்கெட் மலிவு, தப்பித்தார்; இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தால் ஷேர் ஆட்டோவுக்கும் பைக் பெட்ரோலுக்கும் அந்த 5,000இல் பெரும்பகுதி போய்விடும். மெட்ரோ வருகிறது என்றதும் விலை ஏறுவது, பஸ் நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போனதும் ஊரப்பாக்கம், வண்டலூர் விளம்பரங்கள் பெருத்தது எல்லாம் இந்தத் தூரக் கணக்குதான். ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோ அறிவிப்போடு மனை விலை உடனே ஏறியது. வாடகை, ரயில் ஓடத் தொடங்கி ஆட்கள் குடிவந்த பிறகுதான் உண்மையில் ஏறும். எதிர்பார்ப்புக்கும் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாடு என்று தொடக்கத்தில் சொன்னது இது.

அட்வான்ஸ் என்னும் மறைமுக வாடகை

சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகை அட்வான்ஸ். அண்மைக் காலத்தில் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பழைய பகுதிகளில் பத்து இன்னும் செல்லுபடியாகிறது. திருப்பிக் கொடுத்துவிடும் பணம்தானே என்று இதைப் பலரும் செலவில் சேர்ப்பதில்லை. 15,000 வாடகைக்கு 1.5 லட்சம். அது வைப்புநிதியில் இருந்தால் 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 10,500 வந்திருக்கும், மாதத்துக்கு 875. ஆக உண்மையான வாடகை 15,875. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும்.

கையில் பணம் இருப்பவருடைய கணக்கு இது. இல்லாதவருடைய கணக்கைப் பாருங்கள். 6,000 ரூபாய் வாடகையில் ஒற்றை அறைப் போர்ஷன். அட்வான்ஸ் 60,000. அதை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தால் மாத வட்டி 1,800. உண்மையான வாடகை 7,800. வசதியுள்ளவருக்கு அட்வான்ஸால் வாடகை 6 சதவீதம் கூடுகிறது. வசதியற்றவருக்கு 30 சதவீதம். நகைகளை அடகு வைத்தால் வட்டி குறையும், ஆனால் நகை வேண்டும். வாடகை பற்றிய பேச்சுகளில் இந்த வித்தியாசம் போதுமான அளவுக்கு வருவதில்லை என்பது என் குறை.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு, சென்னையில் லீஸ் என்றும் தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும் சொல்லப்படுவது. மொத்தமாக 8 லட்சம் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருப்பது. போகும்போது 8 லட்சமும் திரும்பி வரும். 7 சதவீத வட்டியை இழப்பதாகக் கொண்டால் மாதம் 4,700 ரூபாய்க்குள் வீடு. வீட்டுக்காரருக்கு வங்கிக்குப் போகாமல் 8 லட்சம் கடன். இருவருக்கும் லாபம்போலத் தெரியும். ஆபத்து ஒரே ஒரு இடத்தில்: வீட்டுக்காரருக்குத் திருப்பித்தர வழியில்லாமல் போனால், அல்லது அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் லீசுக்குப் போவது வெறும் வாய்வார்த்தைக்கு 8 லட்சம் கைமாற்றுக் கொடுப்பதுதான்.

வீடு இருக்கிறது, குடிவைக்க ஆள் இல்லை

2011 கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அடுத்த ஆண்டே மத்திய அரசின் வல்லுநர் குழு, நகரங்களில் 1.88 கோடி வீடு பற்றாக்குறை என்றது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே நேரத்தில். முரண்பாடு இல்லை. அந்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்குமான வீடு; பூட்டிக் கிடந்தவற்றில் பல அவர்கள் நெருங்க முடியாதவை. கட்டுகிறவர்கள் கட்டுவது எதில் லாபமோ அதை.

பூட்டி வைக்கிற வீட்டுக்காரரின் மனக்கணக்கும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 3 சதவீத வருமானத்துக்காக ஒருவரைக் குடிவைத்து, அவர் காலி செய்ய மறுத்தால் கோர்ட்டுக்கு அலைவதைவிட, பூட்டி வைத்துவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்று நினைக்கிறார். இந்தப் பயம் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில் ஊறியது. அந்தச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒரு கணக்கு உண்டு: குடியிருப்புக்கு, மனையும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம். சந்தை கொடுப்பதோ 3. சட்டம் அனுமதித்த அளவைச் சந்தையே எட்டவில்லை. வீட்டுக்காரர்களை வாட்டியது இழுத்துக்கொண்டே போன வழக்குகள்தான்.

எளியவர்களுக்கான வீட்டை அரசு கட்டியது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கூட்டிக்கொண்டுபோய் விட்டது. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000 வீடுகளுக்கு மேல். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போய்வந்த பெண்களுக்கு அந்த வேலை 20 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. வீட்டுக்கு மாதம் கட்ட வேண்டிய தொகை சொற்பம்; பஸ்ஸில் போகும் மூன்று மணி நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய இடத்துக்கே சிலர் திரும்பி வந்ததைக் குற்றமாகச் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்.

செய்தியில் வரும் சராசரி

"சென்னையில் வாடகை 10 சதவீதம் உயர்வு" என்று தலைப்பு வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த வீடுகள்? இணையதள விளம்பரங்களிலிருந்து எடுத்த கணக்கு என்றால் அது கேட்கும் வாடகை. கொடுக்கும் வாடகை அல்ல. 20 வீடு இருக்கும் தெருவில் இரண்டு வீடுதான் விளம்பரத்துக்கு வரும். மீதி 18 பேரும் ஆண்டுக்கு 500, 1,000 என்று ஏற்றிக் கொடுத்துக்கொண்டு பழைய வாடகையிலேயே இருப்பார்கள். புதிதாக வீடு தேடுகிறவருக்கு அந்த 10 சதவீதம் உண்மை, தெருவுக்கு உண்மையல்ல.

இரண்டாவது, சராசரி எப்படிப் போட்டார்கள்? ஒன்பது வீட்டில் வாடகை 12,000, பத்தாவதான கடற்கரையோர வில்லாவில் 92,000 என்றால் சராசரி 20,000. அந்த வாடகையில் அங்கே ஒரு வீடும் இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 12,000 வரும். அதை இடைநிலை அளவு என்பார்கள். வாடகைக்கு அதுதான் பொருந்தும். வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கே நம்மிடம் இருப்பது 2011 கணக்கு: அன்றைய சென்னை மாவட்டக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, இந்திய நகரங்கள் முழுவதையும் சேர்த்தால் 27.5 சதவீதம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காமல் 2027க்குத் தள்ளிப்போனது. இடையில் ஒரு தலைமுறை வேலைக்கு வந்து, அறை எடுத்து, கல்யாணம் செய்து, அதில் பலர் வீடும் மாறிவிட்டார்கள்.

கடைசியாகச் சட்டம் பற்றி, தேவையான அளவுக்கு மட்டும். 1960 சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பதை இது கட்டுப்படுத்துவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. எனவே எழுதுவது முக்கியம். 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பழைய பழக்கம் இங்கே உதவாது. வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் வாடகை ஆணையத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டும். பல வீட்டுக்காரர்கள் வருமானவரிக்குப் பயந்து தயங்குவார்கள். ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் குடித்தனக்காரர், வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணம். அட்வான்சைப் பொறுத்தவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய என்று ஒரு வாசகத்தையும் சேர்த்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உயிரோடு இருப்பது அந்த வாசகத்தின் தயவில்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். ஆறு மாதமாகக் குறைந்தாலும் 15,000 வாடகையில் 60,000 ரூபாய் உங்கள் கையில் நிற்கும்.